கம்பெனி ஓரமும் கட்டிங் ஓரமும்

கேள்வி:

எங்கள் வீடு பரமத்தி வேலூரில் காவிரிக்குப் போகும் பக்கம் இருக்கிறது. முப்பது வருசத்து வீடு. 5-க்கு 8 அடி பாத்ரூமில் பழைய டைல்ஸை எல்லாம் தட்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டிக்கொண்டிருக்கிறோம். சுவருக்கு 12-க்கு 18 அங்குல டைல்ஸ், வெள்ளையில் லேசான சாம்பல் கோடு. மூன்று பக்கச் சுவர் 7 அடி உயரத்துக்கு முடிந்துவிட்டது. பிரச்சினை ஓரங்களில்தான். வெஸ்டர்னுக்கும் குளிக்கும் இடத்துக்கும் நடுவே 3 அடி உயரம், 3 அடி நீளத்தில் ஒரு கட்டைச் சுவர் இருக்கிறது. அதன் முனையை மேஸ்திரி 45 டிகிரியில் வெட்டி ஒட்டினார். இரண்டே நாளில் ஓரம் பொடிப்பொடியாகப் பெயர்ந்து, உள்ளே செங்கல் நிறத்தில் மண் தெரிகிறது. என் மாமனாருக்கு 78 வயது. அந்தச் சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருப்பார். நேற்று முன்கையில் கீறி ரத்தம் வந்துவிட்டது. வேலையை நிறுத்தி வைத்திருக்கிறோம். கடையில் "ஸ்டீல் பீடிங் போடுங்க, சரியாப் போயிரும்" என்கிறார்கள். மேஸ்திரியோ ஒயிட் சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாம் என்கிறார். அவர் எங்களுக்கு அண்ணன் முறை, மனம் நோகப் பேசவும் முடியவில்லை. வென்டிலேட்டர், சோப்பு மாடம், கதவு நிலை எல்லாம் இன்னும் பாக்கி. ஆடிப் பதினெட்டுக்கு மகள் குடும்பத்தோடு வருகிறாள். அதற்குள் முடியுமா? என்ன செய்யட்டும்?

வாசகி, பரமத்தி வேலூர்

பதில்:

முதலில் மாமனாரின் கையைப் பாருங்கள். சுட்ட டைல்ஸின் மேல் இருப்பது கண்ணாடிப் பூச்சு. அது பெயர்ந்த இடம் உடைந்த பாட்டில் போலத்தான் வெட்டும். வயதானவர்களின் தோல் மெல்லியது, ஈரத்தில் இன்னும் இளகிவிடும். இன்றைக்கே ஒரு பழைய சாக்கையோ தடித்த துண்டையோ மடித்து அந்த முனையில் கட்டிவிடுங்கள். மற்றதை நாளைக்குப் பேசலாம்.

ஒயிட் சிமெண்ட் வேண்டாம். ஏன் என்று விளங்கினால் மீதி வேலையெல்லாம் உங்களுக்கே பிடிபட்டுவிடும். ஒட்டுவதற்கு முன் மேஸ்திரி டைல்ஸைத் தண்ணீரில் ஊறப் போட்டிருப்பார். அப்போது குமிழி குமிழியாக வந்ததைக் கவனித்தீர்களா? உள்ளே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் தண்ணீர் புகுந்து காற்றை வெளியே தள்ளியது அது. சுவருக்கென்று செய்யும் செராமிக் டைல்ஸ் தன் எடையில் நூற்றுக்குப் பத்துக்கும் மேல் தண்ணீர் குடிக்கும் ரகம். இந்தியத் தரநிலையான ஐஎஸ் 15622-ம் அதை அப்படித்தான் வகைப்படுத்துகிறது. 2 கிலோ டைல்ஸ் ஒன்று 200 கிராமுக்கு மேல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் என்று கணக்கு. தரைக்குப் போடும் வெட்ரிஃபைடு அரைச் சதவீதம்கூடக் குடிக்காது. சுவர் டைல்ஸைக் காப்பது முகத்தில் இருக்கும் அந்த மெல்லிய கண்ணாடிப் பூச்சு மட்டும்தான். வெட்டிய பக்கத்தில் அது கிடையாது.

45-இல் வெட்டும்போது பூச்சுக்கு அடியிலிருக்கும் மண்ணைச் சாய்வாக எடுத்துவிடுகிறோம். பூச்சு மட்டும் கத்தி முனைபோல அந்தரத்தில் நிற்கிறது. பின்னால் தாங்க ஒன்றுமில்லை. ஒரு வாளி இடித்தால் போதும், பெயர்ந்துவிடும். பெயர்ந்த இடத்தில் தண்ணீர் இறங்கும், உப்பு பூக்கும். ஒயிட் சிமெண்ட்டும் தண்ணீரை இழுக்கிற பொருள்தான், அதற்கு வலுவும் கிடையாது. தீபாவளிக்குள் உதிர்ந்து, அதே சிவப்புக் கோடு மறுபடி தெரியும். உடல் முழுக்க ஒரே நிறமாக வரும் வெட்ரிஃபைடு என்றால் 45 வெட்டு அழகாக வரும். அதிலும் கைதேர்ந்தவர்கள் முனையைக் கூராக விடாமல் ஒரு மில்லிமீட்டர் தட்டையாக நிறுத்தி, இடைவெளியை எபாக்ஸியால் நிரப்புவார்கள். உங்கள் மேஸ்திரி அப்படிப்பட்ட வீடுகளில் பார்த்து, நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார். கைத்திறமையில் குறை சொல்ல முடியாது. டைல்ஸின் ரகம்தான் இந்த வெட்டுக்குப் பொருந்தவில்லை. அவரிடம் அப்படியே சொல்லுங்கள்: "அண்ணா, இந்த டைல்ஸ் ரெட் பாடி, 45 தாங்கலீங்க. முனைக்கு மட்டும் கல்லு வெச்சரலாமுங்களா?" இப்படிக் கேட்டால் யாருக்கும் மனம் நோகாது.

ஆமாம், கல்தான் என் யோசனை. ஸ்டீல் பீடிங் நல்ல பொருள், அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் அது டைல்ஸ் ஒட்டும்போதே போட வேண்டியது. அதன் ஒரு பக்கத்தில் துளை துளையாக ஒரு தகடு நீண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்தத் தகடு டைல்ஸுக்கு அடியில் கலவைக்குள் புதைந்தால்தான் பீடிங் நிற்கும். ஒட்டி முடித்த முனையில் அதைச் செருக வழியில்லை. மேலே ஒட்டும் எல் ஆங்கிள் ஒன்று உண்டு. பசையை மட்டும் நம்பி நிற்கும் அதை, ஒருவர் தினமும் பிடித்து எழுந்திருக்கும் முனையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கட்டைச் சுவரின் முனை முகத்தில் ஒட்டியிருக்கும் பட்டைத் துண்டுகளை மட்டும் மெதுவாகத் தட்டி எடுக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் இருக்கும் பெரிய டைல்ஸைத் தொட வேண்டாம். அவற்றின் பெயர்ந்த ஓரத்தை 3 மில்லிமீட்டர் அளவுக்கு நேர்கோடாகத் தேய்த்துவிட்டால் போதும். பிறகு அந்த முனையில் மேலிருந்து கீழ்வரை ஒரே கிரானைட் பட்டை. நாலரை அங்குலச் செங்கல் சுவர், இருபுறமும் பூச்சு, கலவை, டைல்ஸ் எல்லாம் சேர்ந்து ஆறரை அங்குலம் வந்திருக்கும். இரண்டு பக்கமும் 5 மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி கல்லை வெட்ட வேண்டும், ஆக ஏறக்குறைய 7 அங்குல அகலம். அளந்துவிட்டே கடைக்குப் போங்கள். நீளம் 3 அடி. கனம் முக்கால் அங்குலம் போதும். இரண்டு நீள ஓரங்களுக்கும் ஆஃப் ரவுண்ட் மோல்டிங் போட்டு, முகத்தைப் போலவே ஓரத்தையும் பாலிஷ் செய்து தரச் சொல்லுங்கள். டைல்ஸின் வெட்டு முனை கல்லின் நீட்டலுக்குப் பின்னால் மறைந்துவிடும். கைக்குத் தட்டுப்படுவது உருண்டையான வழவழப்பான கல் மட்டும்தான்.

சுவரின் தலைக்கும் அதே கல்லில் ஒரு மூடி. குளிக்கும் பக்கமாக 2, 3 மில்லிமீட்டர் வாட்டம் கொடுத்து வையுங்கள். இல்லையென்றால் சோப்புத் தண்ணீர் மேலேயே தேங்கி, சுவருக்கும் கல்லுக்கும் நடுவில் இறங்கும். மூடியின் வெளிமுனை கூர்மூலையாக இருக்கக் கூடாது. ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துக் கோடு போட்ட மாதிரி வளைத்துவிடச் சொல்லுங்கள். வழுக்கி விழும் நேரத்தில் தலையோ இடுப்போ படும் இடம் அதுதான்.

நம் பக்கத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பாறைகளிலிருந்து வரும் கிரானைட் நாமக்கல்லிலும் கரூரிலும் கடைக்குக் கடை அடுக்கியிருக்கிறது. இவ்வளவு சின்ன அளவுக்கு முழு ஸ்லாப் வாங்க வேண்டாம். அடுக்களை மேடைக்கு வெட்டியதில் மிஞ்சிய துண்டுகள் கடையின் பின்பக்கம் கிடக்கும், அதில் பொறுக்குங்கள். சாம்பல் கோடு போட்ட வெள்ளை டைல்ஸுக்குக் கறுப்பும் எடுக்கும், சாம்பலும் எடுக்கும். நான் சாம்பலைத்தான் சொல்வேன். நம் ஊர் போர் தண்ணீரின் வெள்ளை உப்புத்தடம் கறுப்பில் பளிச்சென்று தெரியும்.

கல்லை ஒட்டச் சிமெண்ட் பால் போதாது. டைல் அட்ஹெசிவ் மூட்டையில் கல்லுக்கும் ஆகும் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். கல்லின் பின்பக்கம் தூசி இல்லாமல் கழுவிக் காயவைத்து, பல் கரண்டியால் முழுக்கப் பூசி அழுத்த வேண்டும். நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து ஒட்டும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. உருண்டைகளுக்கு நடுவில் காற்றுப் பை நின்றுவிடும். தட்டினால் டப்டப் என்று கேட்கும். அந்த இடத்தில்தான் தண்ணீர் சேரும். ஒட்டிய பின் ஒரு நாள் முழுக்க அந்தச் சுவரை யாரும் பிடிக்கக் கூடாது. மாமனாருக்கு அன்றைக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

அவருக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டைச் சுவர் பிடித்து எழுவதற்கென்று கட்டியது அல்ல. பக்கத்துப் பெரிய சுவரில் துருப்பிடிக்காத ஸ்டீல் கைப்பிடி ஒன்று போட்டுவிடுங்கள். செங்கல்லில் ஆழமாகத் துளைத்து ஆங்கர் போல்ட்டில் பிடிக்க வேண்டும். துளையை டைல்ஸின் ஓரத்திலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளிப் போட்டால் டைல்ஸ் விரிசல் விடாது. போல்ட் தலையைச் சுற்றி சிலிக்கான்.

இனி பீடிங். இது ஒரு மேஸ்திரியின் மூளையில் பிறந்த பொருள். ஜெர்மனியில் ஈசர்லோன் என்ற ஊரைச் சேர்ந்த வெர்னர் ஷ்லூட்டர் என்ற டைல்ஸ் மேஸ்திரி, 1970-களில் டைல்ஸ் ஓரம் பெயர்வதைப் பார்த்துப் பார்த்து, ஓரத்தைத் தாங்க ஓர் உலோகச் சட்டத்தை உருவாக்கினார். இன்று உலகம் முழுக்க விற்கும் பீடிங்குகளுக்கு மூத்தது அது. அதற்கு முன் இங்கிலாந்துப் பக்கம் தொழிற்சாலையிலேயே ஓரத்தை உருட்டிப் பூச்சுப் போட்ட தனி டைல்ஸ் வந்துகொண்டிருந்தது. ஒரு ஓரம் உருண்டது, இரண்டு ஓரம் உருண்டது என்று தனித்தனியாக எண்ணிக் கேட்டு வாங்குவார்கள். குஜராத்தின் மோர்பியிலிருந்து நம் ஊருக்கு லாரி லாரியாக வந்து இறங்கும் டைல்ஸில் அந்தத் தனித்துண்டை நீங்கள் கேட்டாலும் கடையில் கிடைப்பது அபூர்வம். அதனால்தான் ஓரம் என்ற பொறுப்பு முழுக்க மேஸ்திரியின் தலையில் வந்து விழுகிறது. தகடு எங்கே முடிகிறதோ அங்கே ஒரு பட்டி வேண்டும் என்பது நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறவர்களுக்கும் கரூரில் பஸ் பாடி கட்டுகிறவர்களுக்கும் தினசரிப் பாடம். பாத்ரூமில் மட்டும் அதைக் கடைசி நாளுக்குத் தள்ளிவிடுகிறோம்.

உங்களுக்கு இன்னும் ஒட்டாமல் இருக்கும் வென்டிலேட்டருக்கும் சோப்பு மாடத்துக்கும் பீடிங் போடுங்கள். இரண்டிலும் அடிப்பலகை மட்டும் கல்லாக இருக்கட்டும், தண்ணீர் நிற்கும் பக்கம் அதுதான். கல்லுக்கு வெளிநோக்கி லேசான வாட்டம். மற்ற மூன்று பக்கத்துக்குப் பீடிங். வென்டிலேட்டர் 2 அடிக்கு ஒன்றரை அடி, மாடம் ஓரடி அகலம் 2 அடி உயரம் என்று வைத்துக்கொண்டால், ஒன்றுக்கு 5 அடி, மற்றதற்கு 5 அடி. கடையில் 8 அடி நீளத்தில் விற்பார்கள். இரண்டு வாங்கினால் மூலைவெட்டுச் சேதாரம் போகவும் மிஞ்சும்.

எந்த உலோகம் என்று கேட்பீர்கள். அலுமினியம் மலிவு, வளையாமல் நிற்கும், பல நிறத்தில் வரும். ஆனால் ஈரச் சிமெண்ட் பட்டால் அலுமினியம் கறுத்துப் பொரிந்துபோகும். அட்ஹெசிவில் ஒட்டிக் கையோடு துடைத்துவிட்டால் பிழைக்கும். உங்கள் வீட்டில் சிமெண்ட் கலவையில்தான் ஒட்டுவார்கள் என்று நினைக்கிறேன், ஊறப் போடுவது அந்த முறைக்குத்தான். அதைவிடப் பெரிய சங்கடம் ஆசிட். உப்புக்கறை போக மாதம் ஒரு முறை பாட்டில் ஆசிட்டை ஊற்றித் தேய்க்காத வீடு நம் பக்கம் குறைவு. அலுமினியத்தையும் அது தின்னும், டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்ட்டையும் தின்னும். 304 என்று முத்திரையுள்ள ஸ்டீலிலும் புள்ளி புள்ளியாகக் கறை விழும். ஆசிட்டை விட முடியாது என்றால் பிவிசி பீடிங் வாங்குங்கள். அழகு ஒரு படி குறைவு, வெள்ளை நிறம் வருடங்களில் மஞ்சளாகலாம். ஆனால் ஆசிட் அதை ஒன்றும் செய்யாது. ஆசிட்டை நிறுத்த முடியும் என்றால் 304 ஸ்டீல். நீங்கள் நிறுத்த வேண்டும் என்பது என் ஆசை. குளித்து முடித்ததும் ரப்பர் வைப்பரால் சுவரை ஒரு இழுப்பு இழுத்துவிட்டாலே உப்பு படிய நேரம் இருக்காது.

கடைக்குப் போகும்போது ஒரு துண்டு டைல்ஸைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். 8 மில்லிமீட்டர், 10, 12 என்று பீடிங் பல ஆழத்தில் வரும். டைல்ஸை அதில் பொருத்திப் பார்த்தால் பீடிங்கின் நெற்றியும் டைல்ஸின் முகமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பீடிங் மேலே நின்றால் கை தட்டும். டைல்ஸ் மேலே நின்றால் பழையபடி வெட்டும். வட்ட முகம், சதுர முகம் இரண்டில் உங்கள் வீட்டுக்கு வட்டம்தான்.

வேலை செய்யும்போது ஒரு சின்ன விஷயம், ஆனால் இதைத்தான் அதிகம் தவறவிடுகிறார்கள். வெட்டிய டைல்ஸ் துண்டிலும் வெட்டாத ஓரம் ஒன்றாவது இருக்கும். மேஸ்திரிகள் அதைக் கம்பெனி ஓரம் என்பார்கள். பூச்சு அங்கே லேசாக வழிந்து மூடியிருக்கும், கைக்கு உறுத்தாது. கண்ணுக்கும் கைக்கும் படுகிற பக்கம் எப்போதும் கம்பெனி ஓரம் வரட்டும். கட்டிங் ஓரம் உள்மூலைக்கோ, அடுத்த டைல்ஸின் இடுக்குக்கோ, தரைக்கோ போகட்டும். இதைத் தீர்மானிக்க வேண்டியது முதல் டைல்ஸ் ஒட்டும் முன்பு. சுவர்களைப் பொறுத்தவரை உங்களுக்கு அந்த நேரம் தாண்டிவிட்டது. மாடத்துக்கும் வென்டிலேட்டருக்கும் இன்னும் இருக்கிறது. தரையில் ஒட்டாமல் அடுக்கிப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

இப்போது 7 அடியில் முடிகிற மேல்வரிசையைப் பாருங்கள். 84 அங்குல உயரத்தில் 18 அங்குல டைல்ஸ் நான்கு நின்றால் 72. மேலே 12 அங்குலத் துண்டு வந்திருக்கும், அல்லது கீழே. கீழே வந்திருந்தால் கவலையே இல்லை. மேலே வந்து, கட்டிங் ஓரம் வானம் பார்த்து நின்றால், அதை உப்புத்தாளால் கூர் போகத் தேய்த்துவிட்டு எபாக்ஸியை விரலால் மெல்லிசாகப் பூசி மூடுங்கள். டைல்ஸ் சுவரைவிட்டு எவ்வளவு வெளியே நிற்கிறதோ அந்தப் படியில் தூசி உட்காரும். பெயின்ட் அடிக்கக்கூடிய அக்ரிலிக் சீலன்டால் சாய்வாக நிரப்பிச் சுவர் நிறத்தையே அடித்துவிட்டால் கண்ணை உறுத்தாது.

கதவு நிலையோடு டைல்ஸை இறுக்கி ஒட்ட வேண்டாம். மரமானாலும் பிவிசியானாலும் நிலை சுருங்கும், விரியும். சித்திரை வெயிலில் நம் ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 3 மில்லிமீட்டர் சந்து விட்டு அதைச் சிலிக்கானால் நிரப்புங்கள். சுவரும் சுவரும் சேரும் உள்மூலை, சுவரும் தரையும் சேரும் கோடு, கல்லும் டைல்ஸும் சேரும் இடம் எல்லாவற்றுக்கும் அதே சிலிக்கான்தான். நியூட்ரல் என்று போட்ட ரகம், பூஞ்சை பிடிக்காதது என்று கேட்டு வாங்குங்கள். சிமெண்ட் அடைத்தால் அங்கே முடிபோல விரிசல் விடும். வாசற்படிக்கு அதே கிரானைட்டில் ஒரு பட்டை, பாத்ரூம் தரை வெளியைவிட அரை அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். மாமனாருக்கு அதற்கு மேல் உயரமான தடை வேண்டாம்.

வெட்டும் வேலையை வெளியே திண்ணையில், பிளேடின் மேல் தண்ணீர் விட்டபடி செய்யச் சொல்லுங்கள். மூடிய பாத்ரூமுக்குள் காய்ந்த டைல்ஸைக் கிரைண்டரில் தேய்க்கும்போது எழும் புகைத்தூளில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் போய்த் தங்கினால் திரும்ப வராது. நாள் முழுக்க அதைச் சுவாசிக்கிற அண்ணனுக்கு நல்ல மாஸ்க் ஒன்று நீங்களே வாங்கிக் கொடுங்கள். மூக்கில் துண்டு கட்டுவது போதாது.

நாள் கணக்குக்கு வருகிறேன். கல் அளவு கொடுத்து மோல்டிங் போட்டு வர இரண்டு நாள். பழைய பட்டையைத் தட்டிக் கல் ஒட்ட ஒரு நாள், அது இறுக ஒரு நாள். மாடமும் வென்டிலேட்டரும் இரண்டு நாள். இடுக்குகளுக்கு எபாக்ஸி ஒரு நாள். அதைக் காலை வெயில் ஏறுமுன் கலக்க வேண்டும், சூட்டில் கையிலேயே கெட்டியாகிவிடும். ஒரு முறைக்குக் கொஞ்சமாகக் கலந்து, உடனுக்குடன் ஈரப் பஞ்சால் துடைத்தபடியே போக வேண்டும். காய்ந்த பின் துடைக்க முடியாது. கடைசியாகச் சிலிக்கான், அது பிடிக்க ஒரு நாள். பத்து நாளை ஒதுக்கிவிட்டால் அவசரமில்லை. ஆடிப் பதினெட்டு அன்று ஆற்றில் முழுகிவிட்டு வருகிற பேரப்பிள்ளைகள் ஈரக்காலோடு ஓடிவந்து அந்தச் சுவரைத்தான் பிடிப்பார்கள்.

மேஸ்திரிக்குக் கடைசிக் கூலி கொடுக்கும் முன் ஒரு பழைய பருத்திச் சேலைத் துண்டை எடுத்து, கட்டைச் சுவரின் கல், மாடத்தின் மூன்று பக்கம், வென்டிலேட்டர், நிலை ஓரம் என்று எல்லா ஓரத்தையும் நீளவாக்கில் அழுத்தித் தடவிக்கொண்டே போங்கள். எங்கே நூல் சிக்குகிறதோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். அந்த இடத்தை அவரே உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்துவிடுவார். முழங்காலிலிருந்து இடுப்பு உயரம் வரை மட்டும் இரண்டாவது முறை தடவிப் பாருங்கள், உங்கள் மாமனாரின் கை போகும் உயரம் அது.